சமாதானத்துக்கு ஒரு பொத்தான்

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இந்தக் கதையின் குரு நேசமணிக்கு இருபத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் உருவாக்குகிறாள். சீடர் மரியசெல்வத்துக்கு ஐம்பத்தொன்பது. பள்ளியில் அவளுக்கு விளையாட்டு ஆசிரியராக இருந்து, பிந்தி வந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். ஓய்வு பெற்றதும் புதுத் தொழில் கற்க அவளிடமே வந்து சேர்ந்தார். காலம் அப்படி. அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள்.

அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டில் இரண்டு ஊர்கள், நடுவில் ஒரு குளம். ஆடுகிறவர் ஓர் ஊரின் தலைவர். சண்டைப் பகுதி முழுக்க சாரின் கைவேலை: வேல், கவண், தீப்பந்தம் என்று நாற்பது ஆயுதங்கள். சமாதானத்துக்கு மூலையில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

அறுபது கல்லூரி மாணவர்களை ஆடவிட்டுப் பார்த்தார்கள்.

“டீச்சர், அந்தப் பொத்தானத் தூக்கிருவோம். வேணும்னு ஒருத்தன்கூட அமுக்கல. ஒரு பய தெரியாம அமுக்கிட்டு, இத எப்படி சார் ரத்து பண்றதுன்னு கேக்கான்.”

“அமுக்கினா என்ன நடக்கும்?”

“வெள்ளக்கொடி ஏறும். ஆட்டம் முடிஞ்சிரும். மனுசனுக்குச் சண்டைதான் டீச்சர் பிடிக்கும்.”

குரு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“உங்க தம்பி ஞாயித்துக்கிழம மஸ்கட் போறாங்களாமே, மகன் வீட்டோட இருக்க?”

சாரின் முகம் வாடியது. தம்பி சவரிராஜ் அடுத்த தெருதான். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கோயில் திருவிழா வாலிபால் இறுதி ஆட்டத்தில் அண்ணன் நடுவர். கடைசிப் புள்ளியில் தம்பி நெட்டைத் தொட்டதாக விசில் ஊதினார். கோப்பை போனது. அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. தம்பி ஊரைவிட்டே போகிறான் என்று கேட்டதிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை.

“போய் அங்க அந்தப் பொத்தான அமுக்கிட்டு வாங்க சார். ஒரே அமுக்குதானே.”

பதினோரு மணிக்குப் போனவர் நாலரைக்குத் திரும்பினார். சட்டையில் குழம்பு.

“அமுக்கியாச்சா?”

“எங்க அமுக்க! வெறுங்கையோட போகக் கூடாதேன்னு அல்வா வாங்கினேன். பாதி வழியில ஒரு யோசனை. அவன் ஊரவிட்டுப் போறதுக்கு நான் இனிப்பு குடுக்கேன்னு நினைச்சிட்டான்னா? அத வீட்டுல வச்சிட்டுப் பழம் வாங்கினேன். கேட் வரைக்கும் போயி மூணு தடவ திரும்பினேன். அவன் வீட்டுக்காரி ஜெசிந்தாதான் பாத்துட்டு, ‘வாங்க அத்தான்’னா.”

“தம்பி?”

“டிவி பாத்துக்கிட்டிருந்தான். ‘எப்பப் பயணம்’னு நான் டிவியப் பாத்துக் கேட்டேன். அவன் ஜெசிந்தாகிட்ட, ‘ஞாயித்துக்கிழமன்னு சொல்லு’ன்னான். அவ என்கிட்ட, ‘ஞாயித்துக்கிழம அத்தான்’னா. அரை மணி நேரம் இப்படியே தபால் போச்சு.”

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம் ‘சாப்பிடச் சொல்லு’ன்னான். நான் பழக்க தோசத்துல ‘சாப்பிட்டாச்சு’ன்னுட்டேன். எல்லாம் போச்சு டீச்சர்! எந்திரிச்சு வாசலுக்கே வந்துட்டேன்.”

“அப்புறம்?”

சார் சட்டையிலிருந்த குழம்புக் கறையைத் தேய்த்தார்.

“செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னேன். ‘சவரி, அன்னிக்கு நெட்டத் தொட்டது பந்தாக்கூட இருந்திருக்கலாம்டே. வெயிலு கண்ணுல அடிச்சிச்சு. நான் சரியாப் பாக்கல.’”

“என்ன சொன்னாங்க?”

“‘இல்லண்ணே, நாந்தான் தொட்டேன்’ங்கான்! நான் பந்துங்கேன், அவன் கைங்கான். ரெஃப்ரி நானா நீயான்னு கேட்டேன். தொட்டவன் நானா நீயான்னு அவன் கேக்கான். பெரிய சண்டை. தெருவே எட்டிப் பாத்துச்சு. ஜெசிந்தாதான், ‘ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அடிச்சுக்கோங்க’ன்னு தட்ட வச்சா.”

“கை நனைச்சீங்க.”

“நெத்திலிக் குழம்பு. மூணு தடவ சோறு வாங்கினேன்.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திச் சமாளித்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“டீச்சர், அந்தப் பொத்தானத் தூக்கிருவோம்.”

“ஏன் சார்?”

“ஒரு அமுக்கு பத்தாது. என்ன வாங்கிட்டுப் போறதுன்னு யோசிக்கணும். கேட்ல நின்னு திரும்பணும். நடுவுல ஒரு ஜெசிந்தா வேணும். ‘சாப்பிட்டாச்சு’ன்னு பொய் சொன்னா அவுட்டு. இது நாப்பது ஆயுதத்தவிடப் பெரிய வேலல்லா!”

மடமடவென்று எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்ததும் பேனாவை வைத்தார்.

“ஒரே ஒரு சிக்கல். கடைசில ஜெயிச்சது யாருன்னு காட்டணுமே. இல்லாட்டி பயலுவ ஆட மாட்டானுவளே?”

குரு சொன்னாள்:

“மூணாவது தடவ சோறு வாங்கும்போது, ஜெயிச்சது யாருன்னு ரெண்டு பேருல யாராவது கேட்டீங்களா சார்?”