நாலாவது நிறுத்தத்தில் துள்ளும் வண்டி

குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து நாலு, பெயர் ஷம்சாத். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் ரோட்டில், முதல் வளைவுக்குக் கீழே பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் அவள் மேஸ்திரியம்மா.

சீடர் தவமணிக்கோ ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த மனுஷன். மில்லை மூடியதும் பைக் வேலை கற்றுக்கொள்ள இவளிடம் வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே, "வயசைப் பாக்காதீங்க மேஸ்திரி, தப்புப் பண்ணினா திட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். அவள் திட்டவும் இல்லை, "அண்ணே" என்று கூப்பிடுவதை விடவும் இல்லை.

தவமணியின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு வியாதிதான். வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்பதற்குள் ஸ்பேனர் கைக்கு வந்துவிடும். மில்லில் அப்படித்தான் பழக்கம். அங்கே மெஷின் மக்கர் பண்ணினால், ஓட்டுகிறவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ஃபிட்டர் தானே ஓட்டிப் பார்ப்பார், தானே பிரிப்பார், தானே மாட்டுவார். ஓட்டுகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சவரிமுத்து வந்தார். பழைய பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஊர்களுக்கு மீன் கொண்டு போகிறவர். ஒரே கிளட்ச் கோளாறுக்கு அவர் வருவது இது மூன்றாவது தடவை. அன்றைக்கு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே பயந்து, இறக்கம் முழுக்க உருட்டிக்கொண்டே வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, மறுபடியுமா?" என்றாள் ஷம்சாத்.

"மறுபடியுமான்னா? உசுரே போயிருக்கும்மா! மீனைக் குடுத்துட்டுக் கிளம்புறேன். கிளட்சைப் பிடிச்சு முதல் கியரைப் போட்டேன், பாத்துக்க, அப்படியே முன்னாடி துள்ளுது. எதுத்தாப்புல மீன் வாங்கின செல்லத்தாயி நிக்கிறா. ஏழு மாசம் அவளுக்கு. வயித்துக்கும் வீலுக்கும் ஒரு சாண்தான் இடம். மாதா புண்ணியம், வண்டி ஆஃப் ஆயிருச்சு."

தவமணி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முதல் தடவை கேபிளை மாற்றினது அவர். இரண்டாம் தடவை கிளட்ச் பிளேட்டையும் மாற்றி, இருக்கட்டும் என்று கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டதும் அவர்தான். இரண்டு தடவையும் இரண்டாம் வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்து, "ஒண்ணும் பண்ணாது, பயப்படாமப் போங்க" என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்.

"கொண்டாங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. நியூட்ரல் விழுது, கியர் விழுது, துளிகூட அசையல."

"அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்?" சவரிமுத்து சீட்டில் ஓங்கித் தட்டினார். "இதுக்கு மேல என்னால முடியாதுப்பா. அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்த் தொலைப்பேன்? சரியாச்சுன்னா சொல்லுங்க. இல்லையா, வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிட்டு மண்டிக்கு மூட்டை தூக்கப் போறேன். மலைப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

தவமணியின் கை ஸ்பேனர் பெட்டியைத் திறந்தது. ஷம்சாத் அதை மூடினாள்.

"சவரிமுத்தண்ணே, காலையில முத நிறுத்தத்துல துள்ளுமா?"

"இல்ல."

"ரெண்டாவதுல?"

"ரெண்டாவதுலயும் இல்ல. மூணாவதுல நியூட்ரல் கிடைக்காமத் தகராறு பண்ணும். நாலாவதுல இருந்து துள்ளும்."

தவமணி தொடையில் தட்டினார். "அப்படிச் சொல்லுங்க! சூடு மேஸ்திரி. ஏற ஏற இஞ்சின் சூடாகுது, பிளேட் வளைஞ்சுக்கிட்டு விட மாட்டேங்குது. பிரிச்சிரலாமா?"

ஷம்சாத் சவரிமுத்துவிடமே திரும்பினாள். "இந்தக் கோளாறு வந்த பிறகு, மீன் இல்லாம எப்பவாச்சும் மலை ஏறினீங்களா?" என்று கேட்டாள்.

"போன மாசம் ஏறினேனே. கோயில் திருவிழாவுக்கு. நானு, வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைக. இழுக்க மாட்டாம இழுத்துச்சு. ஆனா கியர் ஒரு தொந்தரவும் பண்ணல."

"நாலு பேரு ஏறினா சூடு கூடத்தானே ஆகும், அண்ணே?" என்று தவமணியைப் பார்த்தாள்.

தவமணி ஸ்பேனர் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்குக் காலையில மீன் பெட்டியை ஆட்டோவுல போட்டு இங்க கொண்டாங்க. மத்தி, அயிலை எல்லாம் இருக்கட்டும்."

"மீனா? மீன் எதுக்கும்மா?"

"தின்னத்தான்."

மறுநாள் காலை பெட்டி வந்தது. ஷம்சாத் அதை வண்டியின் கேரியரிலேயே கட்டச் சொன்னாள். பிறகு சவரிமுத்துவிடம், "நீங்க எப்படி எடுத்துக் குடுப்பீங்களோ, அதை இவருக்குக் காட்டுங்க" என்றாள்.

சவரிமுத்து கைத்தராசை வலது கையில் தூக்கிப் பிடித்தார். இடது கையை ஐஸுக்குள் விட்டு ஒரு மீனை எடுத்துத் தட்டில் போட்டார். "இதுல என்ன இருக்கு, இப்படித்தான்" என்றார்.

"அண்ணே, இப்ப நீங்க" என்றாள் தவமணியிடம். "எனக்கு மூணு கிலோ மத்தி. ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போடுங்க."

"மேஸ்திரி, கிளட்ச்..."

"மீன் முதல்ல."

பெற்ற மகள் வயதுக்காரி இப்படி வைத்து ஆட்டுகிறாளே என்று தவமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் தராசைப் பிடித்தார். இடது கையை ஐஸுக்குள் விட்டார். சுரீர் என்றது.

"அது நசுங்கியிருக்கு, வேற. இது கண்ணு சிவந்து கிடக்கு, அடியில பாருங்க. இன்னும் அடியில."

மத்தி முடிந்தது. "அயிலை ரெண்டு கிலோ" என்றாள். அயிலை முடிந்தது. "அக்கா வீட்டுக்கு ஒரு கிலோ சங்கரா" என்றாள். கல்யாணப் பெண்ணுக்குச் சேலை எடுக்கிறவள்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டாள். சவரிமுத்துவே, "ஏம்மா, எங்க மலைச் சனமே தேவலை போ" என்று சிரித்துவிட்டார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"போதும். கையைத் துடைச்சுட்டு வண்டியை எடுங்க. முதல் கியர்."

வண்டிக்கு முன்னால் இரண்டு பழைய டயர்களை உருட்டிப் போட்டாள். தவமணி வண்டியில் ஏறி உட்கார்ந்து உதைத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளட்சை நன்றாக அமுக்கிப் பிடித்தார். அவரைப் பொறுத்தவரை முழுசாகத்தான் பிடித்தார். கியரை மிதித்தார்.

வண்டி ஒரே துள்ளாகத் துள்ளி, டயரில் மோதி நின்றது.

தவமணி குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். லிவர் பாதியிலேயே நின்றது. விரல்கள் சிவந்து மரத்துக் கிடந்தன. பிடி, பிடி என்று மனசு சொல்கிறது, விரல்களுக்கு அது எட்டவே இல்லை. வலது கையால் அந்த விரல்களை அமுக்கினார். அப்போதுதான் லிவர் கைப்பிடியோடு போய் ஒட்டியது.

"அடி மாதாவே!" என்றார் சவரிமுத்து. "என் கையா? இத்தனை நாளும் என் கையா இந்த வேலை பண்ணுச்சு? சத்தியமா முழுசாப் பிடிக்கிறேன்னுதான் நினைச்சேன்மா."

"அவரும் அப்படித்தான் நினைச்சாரு. உங்க கை என்ன செய்யும்ணே, விடிஞ்சதுல இருந்து ஐஸுக்குள்ள கிடக்கு."

தவமணி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அந்த ஸ்பிரிங்கு..." என்றார் மெதுவாக. "முதல்ல இருந்ததே லேசானது. கெட்டியாப் போட்டு லிவரை இறுக்கினது நான்தான். அதுக்கப்புறம்தானே துள்ள ஆரம்பிச்சிருக்கு? அதுக்கு முந்தி நியூட்ரல்தானே கிடைக்கலன்னு வந்தீங்க?"

சவரிமுத்து யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "அந்தப் புள்ள வயித்து மேல ஏத்தப் பாத்தது நீங்க இல்ல சவரி. நான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார். இந்தத் தடவை ஷம்சாத் தடுக்கவில்லை. பழைய ஸ்பிரிங்கை மாட்டினார். லிவர் பாதி வந்ததுமே கிளட்ச் விடுகிற மாதிரி கேபிளின் தளர்வைக் குறைத்தார். மூடியை முடுக்கினார். வழக்கமாக அந்த இடத்தில் சாவியை எடுத்துக்கொண்டு தானே ஏறிவிடுவார். அன்றைக்கு எட்டி நின்றுகொண்டார்.

"சவரி, கையை ஐஸுக்குள்ள விடுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

ஐந்து நிமிஷம் கழித்து சவரிமுத்து ஏறி உட்கார்ந்து, மரத்த கையால் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டார். டக் என்று விழுந்தது. வண்டி அசையவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டு வந்தார், வந்தது. இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். நான்காவது தடவைக்கு முன்னால் அவராகவே மறுபடியும் கையை ஐஸில் விட்டுக்கொண்டார்.

"போகலாமா மேஸ்திரியம்மா?" என்றார்.

"தராசை இடது கைக்கு மாத்திட்டுப் போங்க. மீனை வலது கை எடுக்கட்டும், பிரேக்குக்குக் கால் இருக்கு."

"அட, இது எனக்குத் தோணலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, மிச்ச மீனோடு மலைக்குக் கிளம்பினார். வளைவு திரும்பி, சத்தம் தேய்ந்து, காதுக்கு எட்டாமல் போகிற வரைக்கும் தவமணி ரோட்டிலேயே நின்றிருந்தார்.

உள்ளே வந்ததும் மனசு ஆறாமல் கேட்டார்: "ரெண்டு தடவையும் நான் ஓட்டிப் பாத்துத்தானே குடுத்தேன் மேஸ்திரி? நல்லாத்தானே இருந்துச்சு?"

ஷம்சாத் மீன் பையை ஆணியில் மாட்டினாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. மீன் விக்கப் போனது நீங்க இல்லையே."