குணநாயகம் வாங்கிய பெரிய பிரஸ்

"அம்மா, இதில எந்தப் பிரஸை வாங்கட்டும்?" என்று கேட்டார் குணநாயகம்.

அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கேட்டவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கனடாவில் ஒரு சின்ன ஊரில், மூடிப்போன பழைய தபால் கந்தோரில், ஒரு விளக்கும் இரண்டு பாயும் ஒரு போனும் வைத்துக்கொண்டு தனியே இருந்த துறவி அவர். அந்தப் பக்கம் போகிற வருகிற தமிழர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் யாருக்கும் உபதேசம் செய்ததாகத் தகவல் இல்லை. கேட்டால் ஏதாவது சொல்வார். அது பெரும்பாலும் கேட்டதற்குப் பதிலாக இராது.

குணநாயகம் மூன்று விளம்பரப் படங்களைப் பாயில் பரப்பினார்.

"என்ன பிரஸ்?"

"பாகு வடிக்கிறது, அம்மா. மேப்பிள் பாகு. மரத்தில துளை போட்டு நீர் எடுத்துக் காய்ச்சுறனான். காய்ச்சக் காய்ச்ச மணல் மாதிரி ஒண்டு திரளும். அதை வடிச்சு எடுக்காட்டிப் பாகு கலங்கித்தான் கிடக்கும்."

"இப்ப எப்பிடி வடிக்கிறியள்?"

"கம்பளிப் பை. கட்டித் தொங்கவிட்டாச் சொட்டுச் சொட்டாய் இறங்கும்."

"இறங்குதோ?"

"இறங்கும். அரைநாள் எடுக்கும்." குணநாயகம் தலையைக் குனிந்தார். "நான் பிழிஞ்சு போடுவன்."

"பிழிஞ்சா?"

"கலங்கிப் போகும். பைக்குள்ள நிண்டதெல்லாம் வெளியில வந்திடும். தேங்காய்ப்பால் பிழிஞ்சு பழகின கை, அம்மா. சும்மா நிக்காது."

"கையில பிழை இல்லை," என்றார் அம்மா. "அந்த அரைநாளும் ஆரோட இருந்தனீங்கள்?"

குணநாயகம் விளம்பரப் படங்களை நேராக்கினார். இதற்குப் பதில் சொல்லவா அவர் இவ்வளவு தூரம் பனியில் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மனைவி தவமலரோடு காட்டோரம் ஒரு வீடு வாங்கினார். வீட்டோடு மேப்பிள் மரங்களும் வந்தன. இரண்டாவது பனி மாரியில் தவமலர் இறந்துபோனார். டொரொண்டோவில் சடங்குகளை முடித்துவிட்டுக் குணநாயகம் தனியே திரும்பி வந்து கதவைச் சாத்தினார். சாத்தியது சாத்தியதுதான்.

வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொன்னாள். அவருக்கு மனம் வரவில்லை. தவமலர் நடந்த வீடு அது ஒன்றுதான் மிச்சம்.

"தனியச் சமாளிப்பன், பிள்ளை," என்றார் மகளிடம். "உனக்கு ஒரு போத்தல் தெளிஞ்ச பாகு காட்டுறன் பார்."

போன வருடம் காட்டிய போத்தல் குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. இந்த வருடமும் கலங்கினால் வீட்டை விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

உண்மையில் சமாளித்தாரா என்றால், வானொலியில் வரும் விளம்பரங்களுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வந்திருந்தார். நகைக்கடைக்காரன் "உடனே வாருங்கள்" என்றால், "இண்டைக்கு ஏலாது" என்பார். அதை மகளிடம் சொல்லவில்லை.

"சரி," என்றார் அம்மா. "இந்த மூண்டிலயும் என்ன வித்தியாசம்?"

குணநாயகத்துக்கு உற்சாகம் வந்தது. இப்படி யாராவது கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"இது ஆகச் சின்னன். கைப்பம்பு. என்னை மாதிரித் தனியாளுக்கு இது காணும். இது நடுத்தரம். மோட்டர் இருக்கு. இது பெரிசு. இது எனக்குச் சரிவராது."

"ஏன்?"

"தட்டுத் தட்டாய் அடுக்கியிருக்கு பாருங்கோ. ஒவ்வொரு தட்டுக்கு நடுவிலயும் கடதாசி. பாகோட வெள்ளைத் தூள் ஒண்டைக் கலந்து பம்ப் பண்ணோணும். அந்த இடைவெளி எல்லாம் நிரம்பினாத்தான் மற்றப் பக்கத்தால தெளிஞ்சு வரும்."

"நிரம்பாட்டி?"

"விட்ட பாகு முழுக்க உள்ளுக்கயே நிண்டிடும். ஒரு சொட்டும் வராது."

"உங்கட பாகுக்கு இது நிரம்புமோ?"

"எங்க நிரம்புறது? என்ர பாகை இது ஒரு வாயில குடிச்சிடும்."

அம்மா பெரிய பிரஸின் படத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதை வாங்குங்கோ."

"நான் சொன்னது விளங்கேல்லையோ, அம்மா?"

"விளங்கினது, ஐயா."

அம்மா எழுந்துபோய் உலைக்கு அரிசி களையத் தொடங்கினார்.

குணநாயகம் வழியெல்லாம் ஏசிக்கொண்டே போனார். கேட்க ஆளில்லாதபடியால் சத்தமாகவே ஏசினார். வீட்டுக்குப் போனதும் பெரிய பிரஸை அனுப்பச் சொல்லிவிட்டார். குரு சொன்னது பிழை என்று காட்டுவதற்காகவே குருவின் சொல்லைக் கேட்கிற சீடர்களும் உண்டு. அந்த அம்மாவுக்குத் தனக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கும் என்ற நப்பாசையும் ஒரு மூலையில் இருந்தது.

பங்குனி வந்தது. பனி இரவில் உறைந்து பகலில் இளகியது. மரங்கள் நீர் விட்டன. குணநாயகம் வாளிகளைச் சுமந்தார், விறகு போட்டார், காய்ச்சினார். கை உதவிக்கு ஒருவரும் இல்லை. காய்ச்சியதையெல்லாம் ஒரு பானையில் சேர்த்தார்.

பருவத்தின் கடைசி நாள் பானை முழுவதையும் திரும்பச் சூடாக்கி, தூளைக் கலந்து, பிரஸை ஓடவிட்டார். மோட்டர் உறுமியது. பானையில் பாகு இறங்கிக்கொண்டே போய் அடி தெரிந்தது. வெளிவாயில் வைத்த போத்தல் காய்ந்து கிடந்தது.

மோட்டரை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"அம்மா, நான் சொன்னபடிதான் நடந்திருக்கு."

"என்ன நடந்தது?"

"எல்லாத்தையும் விட்டுட்டன். ஒரு சொட்டும் வரேல்லை. என்ர வருசம் முழுக்க இந்த இரும்புக்குள்ள கிடக்குது."

"அப்ப நீங்கள் சொன்னது சரி."

"சரியாயிருந்து என்ன பிரயோசனம்?"

குணநாயகம் பிரஸைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறினால் இறுகிப் போயிடும். பிறகு ஒண்டும் செய்யேலாது. தண்ணி விட்டுத் தள்ளினாத் தண்ணிப் பாகுதான் வரும். வீடு போச்சு, அம்மா."

"வேற என்ன விட்டாத் தள்ளும்?"

"பாகுதான். சுடச்சுட இன்னும் பாகு வேணும். என்னட்ட இல்லை."

"ஆரிட்ட இருக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? இஞ்ச எனக்கு ஆரைத் தெரியும்?"

சொல்லிக்கொண்டே யன்னலால் பார்த்தார். மரங்களுக்கு அப்பால், பக்கத்துக் காணியில், வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் எழுகிற ஆவிதான். அதற்குக் கீழே ஓர் ஆள் நிற்பார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"பக்கத்துக் காணிக்காரரும் காய்ச்சுறார்," என்றார் மெதுவாக. "அந்தாளின்ர பேர்கூட எனக்குத் தெரியாது."

"நீங்கள் பேரையோ ஊத்தப் போறியள்?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார்.

குணநாயகம் பனிக்குள் இறங்கினார். முழங்கால்வரை புதைந்தது. தொப்பியை மறந்துவிட்டார், திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை.

பக்கத்துக் காணிக் கொட்டிலின் கதவைத் தட்டினார். அவரைவிட வயதான ஒரு வெள்ளைக்காரர் திறந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பில் ஒரு பெரிய பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கொட்டிலில் வேறு ஒருவரும் இல்லை.

குணநாயகம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சுவாங்கச் சொன்னார்.

"நான் பக்கத்து வீடு. என் பாகு முழுவதும் பிரஸுக்குள் நிற்கிறது. பின்னால் ஊற்ற இன்னும் பாகு வேண்டும், சூடாக. உங்களுடையதும் தெளிந்து வரும். ஆறுவதற்கு முதல் வேண்டும்."

அந்த மனிதர் குணநாயகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால், அவர் வந்த வழியைப் பார்த்தார்.

"தவா வரவில்லையா?"

குணநாயகத்துக்குச் சரியாகத்தான் கேட்டது. அந்தப் பெயரை அந்த வீதியில் வேறு ஒருவர் வாயால் அவர் கேட்டதில்லை.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"நடக்கிறேன் என்று இந்தப் பக்கம் வருவார். நடுவில் துளை போட்ட ஒரு பலகாரம் கொண்டுவந்து தருவார். நல்ல காரம். சாப்பிட்டுவிட்டு நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்." அவர் சற்று நிறுத்தினார். "இரண்டு வருடமாகக் காணவில்லை. என்மேல் ஏதும் கோபமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

தவமலர் நடக்கப் போவது குணநாயகத்துக்குத் தெரியும். வடை போனது தெரியாது. அவர் டொரொண்டோவில் எல்லோருக்கும் அறிவித்தவர், பத்திரிகையில் படத்தோடு போட்டவர். இந்த வீதியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் இங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"கோபம் இல்லை," என்றார். "செத்துப்போய்விட்டாள்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குணநாயகம் வாசலில் அழுதார். சடங்கு வீட்டில்கூட அவர் இப்படி அழவில்லை.

குணநாயகம் முகத்தைத் துடைத்தார். அந்த மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பானையை மூடியால் இறுக்கினார். இரண்டு கைபிடிகளிலும் பழந்துணி சுற்றினார். ஒரு கைபிடியைத் தான் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆறப்போகிறது," என்றார். "அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள்."