விரியாத பவளம்

கிள்ளானில் குணாளன் என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதன் நடுவே, பெரிய காளானைப் போல உயிருள்ள ஒரு மென்பவளம். கட்டைவிரல் அளவில் வந்தது, நாலு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. தலை முழுக்கப் பிஞ்சு விரல்களை நீட்டிக்கொண்டு ஆடும்.

ஒரு நாள் அத்தனை விரலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே மெழுகு பூசினது போல ஒரு படலம்.

குணாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீரை மாற்றினார். விளக்கை இறக்கினார், பிறகு ஏற்றினார். பவளத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினார். அயோடின் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தார். படலம் போனது. விரல் நீளவில்லை. ஒன்பதாம் நாள் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்தது.

அன்றைக்குத்தான் ஈஸ்வரிக்குப் போன் போட்டார். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனால் கடல் தொட்டி விஷயத்தில் அவருக்கு அவள்தான் குரு. பவளத்தைக் கொடுத்தவளும் அவளே.

ஈஸ்வரி வந்தபோது கதவைத் திறந்தது அவர் மனைவி புஷ்பா.

"வாம்மா. எனக்கு டெங்கி வந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டு வேலைக்குப் போன மனுஷன். காளானுக்கு ஒன்பது நாள் லீவு!"

"நீ சும்மா இரு. டீச்சர், என்ன வியாதின்னு பாருங்க. ஒரு மருந்து சொல்லுங்க. செத்துருமா?"

ஈஸ்வரி தொட்டிப் பக்கம் போகவில்லை.

"கையைக் காட்டுங்கண்ணே."

"என் கையா? பவளத்தைப் பாருங்க டீச்சர்."

"கை."

நீட்டினார். முகர்ந்து பார்த்தாள்.

"தைலமா?"

"தலைவலி. நெத்தியில தேய்ச்சேன்."

"எப்போலேருந்து தலைவலி?"

"அது சுருங்குன நாள்லேருந்து."

"தேய்ச்ச கையைத்தான் தொட்டிக்குள்ள விட்டீங்களா?"

"கழுவிட்டுத்தான் விடுவேன்." கையை இழுத்துக்கொண்டார். "அவசரத்துல சில நேரம்…"

"எங்க கழுவுனாரு? தைல டப்பாவ மூடுறதுகூட நான்தான்," என்றாள் புஷ்பா.

குணாளன் தன் கையைத் தானே முகர்ந்து பார்த்தார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா? ஆனா முதல் நாள் நான் தைலமே தொடலையே. அன்னிக்கு என்ன வியாதி?"

"அன்னிக்கு வியாதியே இல்லண்ணே. தோல் உரிச்சுது. அப்பப்ப உரிக்கும். கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கிற மாதிரி."

"நாலு வருஷமா நான் பாத்ததே இல்லையே!"

"அப்பெல்லாம் உங்களுக்கு ஓவர்டைம்."

பிறகுதான் அவள் தொட்டியருகே போனாள். முழங்கைவரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பவளத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் கலந்த தைலத்தை உறிஞ்ச, வடிகட்டியில் ஒரு கரிப் பையைத் தொங்கவிட்டாள். தண்ணீர் தள்ளும் மோட்டாரைப் பவளத்தின் பக்கம் லேசாகத் திருப்பினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். அழுகல, நாத்தமும் இல்ல. விட்டா பிழைச்சுக்கும்."

குணாளன் ஒரு நிமிஷம் நின்றார். கால் தானாகத் தொட்டிப் பக்கம் போனது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"விளக்குப் பக்கமா ஒரு விரக்கடை மட்டும் தள்ளி வச்சிரட்டுமா? மெதுவா."

ஈஸ்வரி தொட்டி மூடியைப் போட்டாள்.

"லீவு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"மூணு."

"ரத்து பண்ணிருங்க."

"என்ன டீச்சர், இத்தனை நாள் காத்துக் கெடந்தவன், அது விரியறதைப் பாக்க வேணாமா? எப்பத்தான் விரியும்?"

ஈஸ்வரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீங்க கிரேன் மேல இருக்கறப்ப."