சேறு கொடுத்த கை

அந்தக் காலத்தில், நண்டும் கொக்கும் சேறும் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மார்கழி அமாவாசைக் காலையில் கழிமுக மேட்டில் முந்நூறு வளைகள் திறந்திருந்தன. மூடியிருந்தது அலவன் என்ற நண்டின் வளை ஒன்றுதான். உள்ளே அவன் மனைவி நள்ளி பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, தொட்டால் அமுங்கும் உடம்போடு கிடந்தாள். புது ஓடு இன்னும் இறுகவில்லை. அலவன் வெளியே காவல் நின்றான்.

அப்போது எல்லா நண்டுகளுக்கும் இரண்டு கையும் ஒரே அளவு. கடல் ஓதம் ஏறுமுன் இரு கைக்கும் நடுவில் ஈரச் சேற்றை உருட்டி வளைக்கு மூடி செய்வார்கள். மூடி வட்டமாக வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது.

அன்று கொக்கு வந்து வளையருகே நின்றது.

"உள்ள இளசா ஏதோ இருக்கு போல. இந்தக் கைய வச்சுக்கிட்டா காவல் காக்கிறே? என் மூக்கு சொறியக்கூடக் காணாது."

நண்டுகளுக்கு ஓடும் கையும் கொடுப்பது சேறுதான். அலவன் குனிந்து அதனிடம் கேட்டான்.

"பெரிய கை வேணும்."

"புதுசா குடுக்க என்கிட்ட எதுவும் இல்ல," என்றது சேறு. "ஒரு கையிலேருந்து எடுத்து இன்னொண்ணுல வைக்கலாம். திருப்பிக் கேட்கக் கூடாது."

"மூடிக்கு என்ன பண்ணுவே, அலவா?" என்றான் பக்கத்து வளைக்காரன்.

"முதல்ல கொக்கு போகட்டும். எடுத்து வை."

வலக்கை உடம்பளவு வளர்ந்தது. இடக்கை சுருங்கியது. அவன் வலக்கையை உயர்த்தியதும் கொக்கு பறந்துவிட்டது. அலவனுக்குச் சிரிப்பு வந்தது.

மதியம் ஓதம் ஏறியது. அலவன் காலை மூடியை உடைத்து உள்ளே நுழைந்தான்; புது மூடி வேண்டும். அவன் உருட்டிய சேறு ஒரு பக்கம் பிதுங்கியது, மறுபக்கம் உதிர்ந்தது. கிடைத்ததை உள்ளிருந்து இழுத்து மூடினான். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"ஏங்க, மூடி பொருந்தலையே," என்றாள் நள்ளி. 'பொருந்தலை' என்பது அதுவரை அந்த மேட்டில் யாருக்கும் தேவைப்படாத சொல்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீ ஒதுங்கு."

தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு தள்ளியது. மூடி கரைந்தது. நள்ளி மிதந்தாள். பெரிய கையால் பிடித்தால் நசுங்கிவிடுவாள். சின்னக் கையால் பிடித்தான். பிடி நிற்கவில்லை.

ஓதம் வடிந்தபின் அலவன் வளை வாயில் நின்றான். எங்கிருந்தாலும் அவளுக்கு இடம் தெரியட்டும் என்று பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினான்.

அன்று முதல்தான் கழிமுகத்து ஆண் நண்டுக்கு ஒரு கை பெரிது, மறு கை சிறிது. தண்ணீர் வடிந்ததும் அது வெளியே வந்து அந்தப் பெரிய கையை ஆட்டுகிறது.

தை அமாவாசையன்று அலவன் ஓடு கழற்றினான். புது ஓட்டிலும் கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.