அடைத்த வழி

மழையாய் இறங்கி மண்ணைக் காப்பவனும், எப்பெயரால் அழைத்தாலும் செவி சாய்ப்பவனுமாகிய இறைவனை முதலில் வணங்குவோம், குழந்தைகளே.

கட்டிடங்களே காடாகிப்போன ஒரு நகரத்தில், பள்ளத்தில் ஓர் அம்மன் கோயிலும், அதன் பின்னே மேட்டில் ஒரு தர்காவும் இருந்தன. கோயில் மதிலடியில் செங்கமலம் என்னும் பெருச்சாளி நான்கு குட்டிகளோடு வாழ்ந்தது. பிடிவாதம் மிக்கது. தர்காவின் வேம்படியில் மைமூன் என்னும் பெருச்சாளி வாழ்ந்தது. இரக்கம் மிக்கது. இரண்டு வளைகளையும் ஒரு சுரங்கம் இணைத்திருந்தது.

ஐப்பசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை எவரும் ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது அவ்வூர் வழக்கம். கோயில் மதிலையே தன் எல்லையாகக் கொண்ட செங்கமலமும் அன்றே சுரங்கத்தை மண்ணால் அடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் அடைமழை. மண்ணுக்கு அப்பாலிருந்து மைமூன் கத்தியது: "அக்கா! ஏரி உடைந்துவிட்டது. பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடு!"

"காப்புக் கட்டியாயிற்று. எல்லை தாண்டமாட்டேன். அதிலும் உன் வாசலுக்கா?"

"விழா முடிந்ததும் வேண்டுமளவு என்னைத் திட்டிக்கொள். இப்போது வா!"

"போடி! உன் தர்காச் சர்க்கரையைத் தின்றுகொண்டு சும்மா இரு. எங்களைக் காக்க எங்கள் தாய் இருக்கிறாள்."

கடைக்குட்டி முனகியது: "அம்மா, என் வால் நனைகிறது."

"அபிஷேக நீர்தான். பேசாமல் படு."

சற்று நேரத்தில் முன்வாசல் முழுகிற்று. அதே வேளையில் சுரங்கத்தில் மண் பறிக்கும் ஓசை கேட்டது. 'நம் விரதத்தைக் குலைக்கப் பார்க்கிறாள்!' என்று செங்கமலம் சினந்தது. சேற்றைக் குழைத்து மேலும் மேலும் அடைப்பில் அப்பியது. முதுகுக்குப் பின்னால் குட்டிகளின் முனகல் ஒவ்வொன்றாக ஓய்ந்ததை அது கவனிக்கவில்லை.

நீர் தன் கழுத்தைத் தொட்டபோதுதான் திரும்பிப் பார்த்தது. மிதந்து வந்த கடைக்குட்டியை மட்டும் கவ்வ முடிந்தது. அக்கணம் அடைப்பு இடிந்தது. மைமூன் செங்கமலத்தின் பிடரியைப் பற்றி மேலே இழுத்தது. மைமூனின் நகங்களில் இரத்தம்.

"மற்ற மூன்றும் எங்கே, அக்கா?"

செங்கமலம் குட்டியைக் கவ்வியபடியே மேட்டுக்கு ஏறியது.

வேம்படியில் குட்டியைக் கிடத்திவிட்டு அது தலை நிமிர்ந்தது. தர்காவின் முன்கூடத்தில், ஈரப் பட்டோடு, உற்சவ அம்மன் வீற்றிருந்தாள். தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே பூசாரியும் தர்காக்காரர்களும் தோள்கொடுத்துத் தூக்கி வந்திருந்தார்கள். மழைச்சாரல் படாமல் தொப்பியணிந்த ஒருவர் குடை பிடித்திருந்தார். அம்மனின் கையில் கட்டிய காப்பு கட்டியபடியே இருந்தது.

"தாயே, நீயே தாண்டி வந்துவிட்டாயா!" என்றது செங்கமலம்.

கடைக்குட்டி மெல்ல இருமியது. சுரங்கத்தின் வாயில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது.

நீதி: ஆபத்தில் நீளும் கையை, அது எவர் வாசலிலிருந்து வருகிறது என்று பார்த்துத் தள்ளுபவர், தம் தெய்வம் அனுப்பிய துணையையே தள்ளுகிறார்.

இதைக் கேட்டவர் வீட்டில் வெள்ளம் புகாதிருக்கட்டும். அவர் வாசல் எவருக்கும் அடைபடாதிருக்கட்டும்.