குடம் சொன்ன குறை

மருதங்குடி நாட்டின் தலைமை நீதிபதி நல்லசிவனாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு சாத்தையா சுவாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். மடத்துக்கு வருகிறவர்களுக்குத் தாமே சமைத்துத் தாமே பரிமாறுவதால் ஊரார் அவரை அடுப்படிச் சாமி என்பார்கள். ஊரையே அதட்டும் நீதிபதி அந்தப் புகை பிடித்த அடுப்படியில் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்.

அன்று பல்லக்கிலிருந்து இறங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பதவியை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், சுவாமி."

"என்ன நடந்தது?"

செக்காட்டி பூதத்தானின் நில வழக்கைச் சொன்னார். விசாரணை நாளில் பூதத்தான் விடியும் முன்பே நியாயசபை வாசலில் வந்து நின்றிருக்கிறான். வாயிற்காவலன் ஒரு குடம் நல்லெண்ணெய் கேட்டிருக்கிறான். கொடுக்காதவனை உள்ளே விடவில்லை. ஆள் வரவில்லை என்று நிலத்தை எதிராளிக்குத் தீர்த்துவிட்டது சபை. தீர்ப்பைச் சொன்னது நல்லசிவனாரின் வாய்தான்.

"இது உமக்கு எப்படித் தெரிந்தது?"

"குளக்கரையில் அவன் மனைவி யாரிடமோ சொல்லி அழுதாள். தற்செயலாகக் காதில் விழுந்தது."

"மறுபடி விசாரிக்கலாமே?"

"சபை ஊழியர் மேல் அவனே ஒரு வார்த்தை குறை சொன்னால் விசாரிக்கலாம். அமாவாசைக்குள் சொல்லாவிட்டால் நிலம் போனது போனதுதான். சேவகனை அனுப்பிக் கேட்டேன். 'எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, ஐயா மகராசனா இருக்கணும்' என்று கும்பிட்டானாம்."

சுவாமி விறகைத் தள்ளிவிட்டார்.

"குறை சொல்ல வழி வைத்திருக்கிறீரா?"

"முரசறைந்து சொல்லியிருக்கிறேன், சுவாமி. கட்டணம் வேண்டாம், ஓலை வேண்டாம், சாட்சி வேண்டாம். வாயால் சொன்னால் போதும். இதைவிட எளிதாக என்ன செய்ய? இதுவரை ஒரு ஈ காக்கை வரவில்லை. என் ஊழியர்கள் எல்லாம் சொக்கத் தங்கம் என்று நானும் மார்தட்டிக்கொண்டிருந்தேன்."

"பசியோடு பேசுகிறீர். முதலில் சாப்பிடும்."

இலை போட்டார். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். முதல் கவளத்திலேயே நல்லசிவனாருக்குக் கண் பிதுங்கியது. குழம்பா, கடல் தண்ணீரா என்று தெரியவில்லை. சுவாமி கரண்டியோடு எதிரிலேயே நின்றார். நல்லசிவனார் தலை குனிந்து ஒரு பருக்கை விடாமல் உண்டார். கை கழுவியதும் மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்திலிருந்து செம்பு செம்பாக மொண்டு குடித்தார்.

"எப்படி இருந்தது?"

"அமிர்தம், சுவாமி."

சுவாமி மூலைக்குப் போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"போன ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து என் நாக்குக்கு உப்பு தெரிவதில்லை. அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். ஒருவராவது சொல்ல வேண்டுமே? அமிர்தம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மூன்று வேளைக்கு வரும் குடம் ஒரே வேளையில் காலியானது. இந்தக் குடம்தான் எனக்குச் சொன்னது."

"தெரிந்த பிறகுமா இன்று இவ்வளவு உப்பு?"

"மற்றவர்களுக்கு உப்பை உலையில் போடுவதை நிறுத்திவிட்டேன். இலையில் வைக்கிறேன், வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள். இன்று உமக்கு மட்டும் பழையபடி போட்டேன். நீர் ஏன் சொல்லவில்லை? ஊர் வழக்கையெல்லாம் தீர்ப்பவர் ஆயிற்றே."

நல்லசிவனார் செம்பைக் கீழே வைத்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கரண்டி உங்கள் கையில் இருந்தது, சுவாமி. ராத்திரிச் சாப்பாடும் அதே கையால்தானே."

சுவாமி தலையசைத்தார்.

"உம் ஊழியர்கள் மேல் குறை உள்ளவர்கள் எங்கே வந்து சொல்ல வேண்டும்?"

"நியாயசபை வாசலில்."

"அதைக் கேட்டு உள்ளே வந்து சொல்பவர் யார்?"

நல்லசிவனாருக்கு அந்த வாசல் கண்முன் வந்தது.  முரசறைந்த நாளிலிருந்து எத்தனையோ முறை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அங்கே நின்று அவரைக் கும்பிட்டவன் அந்த வாயிற்காவலன்தான்.

 நல்லசிவனார் சுவாமியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அத்தனை பேர் புகழ்ந்தும் அதில் மயங்காமல் ஒரு வெறுங்குடத்தை நம்பிய அந்த மனிதரை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூசியது.

"பூதத்தானை எப்படியாவது வரவழைத்துப் பேச வைக்க வேண்டும், சுவாமி. அதற்கு என்ன வழி?"

"குடம் என்னிடம் நடந்து வரவில்லையே. நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன்."

நல்லசிவனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். பல்லக்கில் ஏறி, "செக்கடிக்கு விடுங்கள்" என்றார். பல்லக்குத் தூக்கிகள் தோள்கொடுத்தார்கள். முன்னால் கட்டியக்காரன் அவர் பட்டங்களை முழங்கத் தொண்டையைக் கனைத்தான்.

அடுப்படியிலிருந்து சுவாமியின் குரல் வந்தது.

"அந்தப் பல்லக்கும் கரண்டிதான், ஐயா."