மூன்றாம் கேமரா நின்றுபோன கதை

வடசென்னையில் கால்பந்து ரெஃப்ரிகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர் அல்போன்சா மேடம். முப்பத்தெட்டு வயது. அவரிடம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் இவரை மேடம் என்பார்கள், இவர் அவர்களை அண்ணா என்பார். கேள்வி கேட்டால் இவரிடமிருந்து நேராகப் பதில் வராது. ஆஃப்சைடில் சந்தேகம் கேட்ட ஒருவரை நாற்பது நிமிடம் வெயிலில் கோட்டோரமாக நடக்கவிட்டவர். அந்த மனிதருக்கு அதற்குப் பிறகு ஆஃப்சைடில் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குபேந்திரன் அவரைத் தேடி மைதானத்து அறைக்கு வந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணா."

"மெஷின் தப்பு பண்ணா யாரு பொறுப்பு?"

மேடம் கோடு போடுகிற சுண்ணாம்புப் பவுடர் மூட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. என்ன பேப்பர்?"

"லீக் கமிட்டிக்குக் குடுக்கற ரிப்போர்ட். பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும். நீங்க ஒரு தடவ பாத்துட்டா தேவல."

குபேந்திரனுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக விசில் ஊதுகிறார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மழையில் தள்ளிப்போன ஆட்டம், வேறு யாரும் வர மறுத்த ஆட்டம் எல்லாம் அவர் தலையில்தான் விழும். ஒரு ஃபைனலில்கூட அவரை நிற்கவைத்ததில்லை. அடுத்த வருடம் வயது வரம்பு வந்துவிடும்.

இந்த வருடம் லீக்கில் ஸ்கிரீன் வந்தது. மைதானத்தைச் சுற்றி நாலு கேமரா. ஓர் அறையில் பெரிய டிவி, அதில் நாலு கட்டம். ஒரு ரெஃப்ரி அங்கே உட்கார்ந்து பார்ப்பார். களத்தில் ஓடுகிற ரெஃப்ரியின் கண்ணுக்குத் தப்பியதை அவர் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்வார். கோல் விழுந்தால், ஸ்கிரீன்காரர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் ஆட்டம் தொடரும்.

சீசன் ஆரம்பத்து ஓட்டத் தேர்வில் குபேந்திரன் நாலு விநாடி வித்தியாசத்தில் தவறிப்போனார். அதனால் அவருக்கு ஸ்கிரீன். களம் ஜாஃபருக்குப் போனது.

ஜாஃபர் விசில் பிடித்து ஏழே வருடம். நன்றாக ஓடுவார். ஆட்டக்காரர்கள் அவரை பாய் என்று பிரியமாகக் கூப்பிடுவார்கள். குபேந்திரனை யோவ் ரெஃப்ரி என்பார்கள். தேர்வு நாளில் ஜாஃபர் முதலாவதாக ஓடி முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கடைசிச் சுற்றில் குபேந்திரன் பக்கத்திலேயே ஓடி, "வாங்கண்ணா, முடிச்சுடலாம், வாங்க" என்றார். குபேந்திரனால் மன்னிக்க முடியாமல் போனது அதைத்தான். ஜாஃபர் கேலியாக இளித்திருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பார்.

குபேந்திரனுக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது எரிந்தது, குளிக்கும்போது எரிந்தது. டிவி செய்தியில் ஜாஃபர் முகம் அரை நிமிடம் வந்தபோது, "பையன் நல்லா இருக்கான் இல்ல?" என்று அவர் மனைவி சொல்லித் தொலைத்தார். அன்று முழுக்க எரிந்தது.

ஸ்கிரீன் அறைக்கு அவர் ஒரு நோட்டு கொண்டுபோவார். அதில் ஜாஃபரின் தப்புகள் மட்டும் இருக்கும். எந்த நிமிடம், எந்தக் கேமரா, என்ன தப்பு. வெளியே போன பந்தை உள்ளே எறிகிற த்ரோவை அணி மாற்றிக் கொடுத்தது, விசிலை அரை விநாடி தாமதமாக ஊதியது, எல்லாம் இருந்தது. ஒரு பக்கத்தில் 'கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்' என்றும் எழுதியிருந்தார். தப்பு கண்டுபிடிக்கிற மெஷினைக் கடுப்பில் இருக்கிறவர் கையில் கொடுத்தால் அவருக்கு தினமும் தீபாவளிதான்.

வெள்ளிக்கிழமை செமி ஃபைனல் நடந்தது. எண்பத்து மூன்றாவது நிமிடம் மஞ்சள் அணியின் ஒன்பதாம் எண்காரர் பந்தை முன்கையால் தள்ளி கோலுக்குள் விட்டார். ஜாஃபர் அதைக் கோல் என்றார். நீல அணி தோற்றது. மறுநாள் காலை, கோலுக்குப் பின்னால் நின்ற யாரோ எடுத்த வீடியோ எல்லாருடைய செல்போனிலும் ஓடியது. கை பளிச்சென்று தெரிந்தது. குருட்டு ரெஃப்ரி என்று ஊரே ஜாஃபரைத் திட்டியது.

என்ன நடந்தது என்று இரண்டு பேரும் எழுதித்தர வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. போன மாதம் மறுதேர்வில் குபேந்திரன் பாஸாகியிருந்தார். ஜாஃபரை எடுத்துவிட்டால் அடுத்த வாரம் ஃபைனல் அவருக்கு.

மேடம் காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

'எண்பத்து மூன்றாவது நிமிடம் மூன்றாம் கேமராவின் படம் ஸ்கிரீனில் நின்றுபோயிருந்தது. மற்ற கேமராக்களில் கை தெரியவில்லை. ஆகவே களத்தில் இருந்த ரெஃப்ரியின் முடிவையே ஏற்கவேண்டியதாயிற்று.'

"படம் நின்னுடுச்சா?"

"அடிக்கடி நிக்குது மேடம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"ஆமா, நிக்கும்."

மேடம் எழுந்துபோய் அறை மூலையில் இருந்த டிவியைப் போட்டார்.

ஸ்கிரீன் அறைக்குள்ளும் ஒரு கேமரா உண்டு. வகுப்புக்காக மேடமே பக்கச் சுவரில் மாட்டியது. உட்கார்ந்திருக்கிறவர் முகமும் அவருக்கு முன்னால் இருக்கிற நாலு கட்டமும் அதில் விழும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லியிருந்தார். குபேந்திரன் மறந்துபோயிருந்தார். அடுத்தவரைப் பார்க்கிற வேலையில், தன்னையும் ஒரு கேமரா பார்க்கிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

டிவியில் ஒரு மனிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"யாருண்ணா இது?"

"நான்தான்."

"என்ன பண்றீங்க?"

குபேந்திரன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு த்ரோவ ரீவைண்ட் பண்ணிப் பாக்கறேன். மஞ்சளுக்குப் போகவேண்டிய த்ரோ. அவன் நீலத்துக்குக் குடுத்துட்டான்."

"எப்போ?"

"அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி."

"த்ரோவுக்கு ஸ்கிரீன் பாக்கணும்னு ரூல் இருக்கா?"

"இல்ல."

"மூணாவது கட்டத்தப் பாருங்க."

மூன்றாவது கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டை ஒன்பதாம் எண் எகிறினார். முன்கை நீண்டது. பந்து உள்ளே போனது. ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை. டிவியில் இருந்த குபேந்திரன் முதல் கட்டத்தில் த்ரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் ஒலியைக் கூட்டினார். ஜாஃபரின் குரல் மூச்சிரைக்க வந்தது.

"அண்ணா, கோல் ஓகேவா? எனக்கு ரெண்டு பேர் மறைச்சுட்டாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"ஓகே, ஓகே," என்றார் டிவியில் இருந்த குபேந்திரன். அவர் தலை திரும்பவில்லை. கை நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. த்ரோ தப்புதான் என்று உறுதியான சந்தோஷம் அது.

மேடம் படத்தை அந்தச் சிரிப்பில் நிறுத்தினார்.

குபேந்திரன் அதைப் பார்த்தார். தன் முகத்துக்கு இப்படி ஒரு சிரிப்பு வரும் என்று இத்தனை வயதில் அவருக்குத் தெரியாது. "இத கமிட்டிக்கு அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. இது வகுப்புக்கு எடுத்தது. வகுப்பத் தாண்டிப் போகாது."

"அப்போ யாருக்கும் தெரியாது."

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது.

"ஜாஃபர் என்ன எழுதியிருக்கான்?"

"காலைல வந்து காட்டிட்டுப் போனாரு. 'நான் நின்ற இடம் தப்பு, எனக்கு மறைத்துவிட்டது'ன்னு எழுதியிருக்காரு."

"என்கிட்ட கேட்டத எழுதலையா?"

"உங்க பேரே அதுல இல்ல. நானும் கேட்டேன். 'அண்ணனுக்கு அடுத்த வருஷம் வயசு முடியுது மேடம், அவர எதுக்கு இழுக்கணும்'னாரு."

இதைக் கேட்டு குபேந்திரன் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. இதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் இருந்தது. தேர்வு நாளில் பக்கத்தில் ஓடிவந்த அதே ஆள், இப்போதும் பக்கத்தில் ஓடிவந்து வாங்கண்ணா என்கிறான். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"பத்தொம்பது வருஷம் மேடம்," என்றார். "ஒரே ஒரு ஃபைனல். நான் வேற என்ன கேட்டேன்?"

மேடம் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்தார். பழைய காகிதத்தையும் பக்கத்திலேயே வைத்தார்.

"எது வேணுமோ குடுங்கண்ணா. எதைக் குடுத்தாலும் நான் கொண்டுபோய் சேத்துடறேன்."

"புதுசா எழுதினா ஃபைனல் அவனுக்குத்தான்."

"ஆமா."

"எனக்கு ஸ்கிரீன்கூட இருக்காது."

"இருக்காது."

"ஊரு என்னைத் திட்டும்."

"திட்டும். அவரத் திட்டினத விட அதிகமாவே திட்டும்."

வெளியே மைதானத்தில் இரண்டு அணிகள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. ரெஃப்ரி யாரும் இல்லை. ஏதோ ஒரு பந்துக்காக எல்லாரும் சத்தம் போட்டுச் சண்டையிட்டார்கள், பிறகு அவர்களே தீர்த்துக்கொண்டு ஆடினார்கள். மேடம் மறுபடி மூட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.

குபேந்திரன் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். ஒருமுறை பழைய காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அதை வெளியே எடுத்தார். டிவியில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. எழுந்துபோய் அதை அணைத்தார். திரும்பி வந்து பேனாவை எடுத்தார்.

மூன்று வரி எழுத அவருக்கு அரைமணி நேரம் ஆனது.

'மூன்றாம் கேமரா நன்றாகவே ஓடியது. கோலைப் பார்த்துச் சொல்லும்படி ஜாஃபர் என்னைக் கேட்டார். நான் அப்போது அவருடைய வேறொரு தப்பைத் தேடிக்கொண்டிருந்ததால், பார்க்காமலே ஓகே சொன்னேன்.'

கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினார். மேடம் படித்தார், மடித்து உறைக்குள் வைத்தார்.

குபேந்திரன் வாசல்வரை போனார். அங்கேயே நின்றார்.

"மேடம், எழுதிட்டா இந்த எரிச்சல் அடங்கிடும்னு நெனச்சேன். அடங்கலையே."

"எனக்கும் அடங்கலண்ணா."

"உங்களுக்கா? யாரு மேல?"

"ஜாஃபர் மேல."

குபேந்திரன் புரியாமல் பார்த்தார்.

"பதினோரு வருஷம் முன்னாடி ஒரு ஃபைனல். கையால தள்ளினத கோல்னு நான் விசில் ஊதிட்டேன். எனக்கும் ரெண்டு பேர் மறைச்சுட்டாங்க. அன்னிக்கு ஸ்கிரீன் கிடையாது. காதுல ஒரு குரலும் கிடையாது. என் விசில் அதோட முடிஞ்சுது." மேடம் உறையை ஒட்டினார். "தப்பு என்னுதுன்னு எழுதித் தர எனக்கு ஒரு ஆள் இல்ல. ஜாஃபருக்கு நீங்க இருக்கீங்க."